உப்புத் தண்ணியில் ஒரு சென்ட் தோட்டம்

வீட்டுத்தோட்டம் போடப் போகிறேன், என்ன விதை வாங்கட்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டு போர் தண்ணி எப்படி இருக்கும்?" கடலூர், புதுச்சேரிப் பக்கம் கடலுக்குக் கிட்டத்தில் வீடு என்றால் விதையும் உரமும் அப்புறம். முதலில் தண்ணியை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். நாக்கில் கரிக்கிறதா? துவரம்பருப்பு வேக மாட்டேன் என்கிறதா? வாளியின் உட்பக்கம் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் நான் சொல்லப் போவதெல்லாம் உங்களுக்குத்தான்.

நான் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டையும் (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முந்திரியும். செம்மண் பூமி, வாசலில் துப்பின பூசணி விதைகூடக் கொடியாகி ஓடும். 1994-ல் கல்யாணமாகி கடலூர் முதுநகருக்கு வந்தேன். உப்பனாற்றுக்குப் பக்கத்துத் தெரு. ஆற்றின் பேரிலேயே உப்பு இருக்கிறது, எனக்குத்தான் அது உறைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் காலியாகக் கிடந்தது. அப்பா செய்கிற மாதிரியே பாத்தி கட்டி, கத்தரி, மிளகாய், வெங்காயம் வைத்து, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி தெளித்தேன். மாசி வரைக்கும் பசேலென்று நின்றது. பங்குனியில் இலையோரம் தீய்ந்தது. பாத்தி மேல் மாவு தூவினது போல வெள்ளை பூத்தது. சித்திரை பிறக்கும்போது ஒரு செடி மிச்சமில்லை. எனக்குக் கை ராசியில்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் மீன் விற்கப் போகிற ஒரு ஆயா இருந்தாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாங்க: "ஏம்மா, நீ தண்ணியா ஊத்துற? தெனம் ரெண்டு வேளை உப்புல்ல ஊத்துற. மண்ணை இப்படி அம்மணமா போட்டு வைக்காத. மூடு."

முப்பது வருஷமாக நான் செய்கிற தோட்டம் அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது.

உப்பு எப்படி ஏறுகிறது

வெயிலில் மண்ணிலிருந்து தண்ணி ஆவியாகப் போகும், உப்பு போகாது. மேல்மண் காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அடியிலிருக்கிற ஈரம் மேலே ஏறும். ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வந்து மேலே வைத்துவிட்டுப் போய்விடும். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் அது இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்காது. அந்த உப்பு முழுக்க வேர் இருக்கிற இடத்திலேயே தங்கும்.

அதனால் இரண்டு பழக்கத்தை மாற்ற வேண்டும். மண்ணை மூடாக்கு போட்டு மூடுவது முதல் பழக்கம். எங்களுக்கு மல்லாட்டைத் தோலும் முந்திரிச் சருகும் மலிவாகக் கிடைக்கும். வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை ஓலைத் துண்டு எதுவும் ஆகும். மூன்று விரல் கனத்துக்குக் குறையாமல் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தண்டு அழுகும். இரண்டாவது, தெளிக்காமல் ஊற்றுவது. தரையில் இருக்கிற செடிக்கு வெயில்காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, வேருக்குக் கீழே வரை இறங்குகிற அளவுக்கு. பையில் இருக்கிற செடிக்கு அடித்துளையில் தண்ணி சொட்டும் வரை. அந்தச் சொட்டோடு உப்பும் வெளியே போகும். மாலையில் ஊற்றுங்கள், இலை மேல் படாமல் ஊற்றுங்கள். இலையில் காய்ந்த உப்புத் தண்ணியும் இலையைத் தீய்க்கும்.

மழைத்தண்ணியைச் சேருங்கள். 500 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டருக்கு மேல் தண்ணி விழுகிறது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது பதித்த குழாய் இன்னும் நிறைய வீடுகளில் சும்மா இருக்கிறது. அதை ஒரு டிரம்மில் இறக்குங்கள். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். கொசு நுழையாமல் வாயைத் துணியால் கட்டுங்கள். அந்தத் தண்ணியை நாற்றங்காலுக்கும் முளைவிடும் விதைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பயிர்தான் உப்புக்கு முதலில் சாகும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணியிலும் உப்பு கிடையாது, நாற்றுக்கு நன்றாக ஆகும். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணியை மட்டும் செடிக்கு ஊற்றவே கூடாது. வீணாகப் போகிறதே என்று நல்ல மனசோடு வாளியில் பிடித்து ஊற்றுகிறார்கள். குடிக்கிற தண்ணியிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

சமையலறைக் கழிவிலும் இதே கணக்குதான். அரிசி களைந்த கழனித்தண்ணி நல்லது. உப்புப் போட்டு வடித்த கஞ்சி, மிச்சமான குழம்பு, ஊறுகாய்ச் சட்டி கழுவின தண்ணி இதெல்லாம் வேண்டாம். மக்குத் தொட்டியில் காய்த்தோல், டீத்தூள், பூ, முட்டை ஓடு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு. நடுநடுவே புளித்த மோர் கொஞ்சம் தெளித்து, வாரம் ஒரு தடவை கிளறினால் இரண்டரை, மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் மாதிரி மணக்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். இன்னும் சருகு போடுங்கள்.

தரையைத் தேற்றுவது

மணல் பாங்கான தரைக்கு நான் நம்புவது தக்கைப்பூண்டு. உவர் நிலத்தையே திருத்த விதைக்கிற பயிர் அது. சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் சென்ட்டுக்கு 200 கிராம் விதை தூவுவேன். 40, 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது, அரிந்து அங்கேயே மண்ணுக்குள் மடக்கிவிடுவேன். முற்றவிட்டால் தண்டு விறகாகிவிடும், மக்காது. மடக்கின பிறகு பதினைந்து இருபது நாள் காத்திருந்து ஆடியில் விதைக்கலாம். முதல் வருஷம் பெரிய மாற்றம் தெரியாது. மூன்றாம் வருஷம் என் பாத்தியில் மண்புழு வந்தது. அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மக்கிய தொழு உரம் வருஷம் ஒரு முறை, சென்ட்டுக்கு ஐம்பது கிலோவுக்குக் குறையாமல். பச்சைச் சாணியைக் கொண்டுவந்து போடாதீர்கள். வேர்ப்புழுவும் களையும் கூடவே வரும்.

எந்த இடத்திலும் முதல் வேலை மண்ணையும் தண்ணியையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பேட்டையில் இருக்கிற காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் யோசனை கேட்கலாம். பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே வந்த பாலூர் 1 கத்தரி முட்டை வடிவத்தில் ஊதாவாகக் காய்க்கும். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு எனக்கு அதை விட்டால் வேறு இல்லை.

மாடியில் வைப்பவர்களுக்கு

நான் தையல்காரி. கடைப் பை வாங்காமல் தார்ப்பாயை வெட்டி என் மிஷினிலேயே தைத்துக்கொள்கிறேன். சிமென்ட் சாக்கில் வைக்கலாம், ஆனால் வெயிலில் ஒரே வருஷத்தில் நைந்து கையோடு வரும். கீரைக்கு ஆழமில்லாத அகலப் பை போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 அங்குல ஆழம் வேண்டும். கொடிக்கு 15-க்கு 15. அந்தப் பெரிய பை நனைந்தால் முப்பது, நாற்பது கிலோ வரும். அதனால் மாடி நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணி வடியவும் செங்கல் உதவும்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை வாங்கினதும் அப்படியே உடைத்துப் போட்டுவிடக் கூடாது, அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தடவை தண்ணி மாற்றுங்கள். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சைத் தூள்) கலந்து, ஈரத்தோடு நிழலில் பதினைந்து நாள் விட்டு அப்புறம் விதைக்கலாம். அவசரப்பட்டு அன்றே நட்டால் புண்ணாக்குச் சூட்டில் வேர் வெந்துவிடும்.

எதை, எப்போது

உப்புத் தண்ணியைப் பொறுத்துக்கொள்கிற பயிரும் உண்டு, பொறுக்காததும் உண்டு. கொத்தவரை, காராமணி, பீட்ரூட், பருப்புக்கீரை, தண்டுக்கீரை, அகத்தி, முருங்கை இதெல்லாம் தாங்கும். கத்தரி, தக்காளி, வெண்டை நடுத்தரம். மூடாக்கும் மழைத்தண்ணியும் இருந்தால் பிழைக்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்பு தாங்காது. என் முதல் வருஷத்து வெங்காயம் ஏன் போனது என்று இப்போது புரிகிறதா? புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் சிறுகீரையும் கொத்தவரையும் விதையுங்கள். சிறுகீரை 25 நாளில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். அந்தச் சந்தோஷம் அடுத்த விதைப்புக்குத் தெம்பு கொடுக்கும்.

ஆடிப்பட்டம் எல்லோருக்கும் தெரியும். பீர்க்கை, புடலை, பாகல், சுரை, அவரை எல்லாம் ஆடியில் ஊன்றலாம். ஆனால் கடலோரத்துக்கு நான் இன்னொரு பட்டத்தைப் பெரிதாக நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணிலிருக்கிற உப்பையெல்லாம் கழுவிக் கீழே இறக்கிவிடும். மார்கழிக் கடைசியில் இருக்கிற மண்தான் வருஷத்திலேயே இனிப்பான மண். கத்தரி, மிளகாய், தக்காளிக்குக் கார்த்திகைக் கடைசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, 25 முதல் 35 நாள் நாற்றை மார்கழிக் கடைசியில் எடுத்து நடுகிறேன். பங்குனி வெயில் வருவதற்குள் பாதி விளைச்சல் வீட்டுக்குள் வந்துவிடும். வெள்ளரியும் பூசணியும் தையில். சித்திரை, வைகாசியில் கொத்தவரையும் நிழல் வலைக்கடியில் கீரையும் போதும். அந்த இரண்டு மாதம் மண்ணையும் ஓயவிடுங்கள்.

அவரை பற்றித் தனியாகச் சொல்லணும். எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி, ஆடியில் ஊன்றின அவரை புரட்டாசி வரை வெறும் இலையாகவே படர்கிறது, மலட்டுக்கொடி என்று பிடுங்கிப் போட்டுவிட்டாள். நாட்டு அவரை இரவு நீண்டு பகல் குறுகும்போதுதான் பூவெடுக்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, தை, மாசியில் காய்த்துக் கொட்டும். பொங்கலுக்குப் பெரும்பாலும் சொந்த அவரைதான். பொறுத்திருங்கள், பிடுங்காதீர்கள்.

பந்தலுக்கு மூங்கிலும், துறைமுகத்தில் கழித்துப் போட்ட பழைய வலையும் போதும். வலையைத் தொங்கவிடாமல் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் அணிலும் சிட்டும் ஓணானும் சிக்கிச் சாகும். காய்ப்பு முடிந்ததும் அவிழ்த்து வைத்துவிடுங்கள்.

மீன் அமிலம்

கடலூரில் இருப்பவர்களுக்கு இது கடல் கொடுக்கிற உரம். மீன் வெட்டுகிற இடத்தில் தலை, செதில், குடல் ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள். பச்சை மீனாக இருக்கணும். கருவாட்டுத் தலையில் உப்பு இருப்பதால் ஆகாது. நல்ல தண்ணியில் ஒரு தடவை அலசுங்கள். வெல்லம் ஒரு கிலோ பொடித்து, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் மீனையும் வெல்லத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி இறுக மூடி நிழலில் வையுங்கள். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பூனை நெருங்காத இடமாக இருக்கட்டும். முப்பது நாள் கழித்துத் திறந்தால் தேன் நிறத்தில் திரவம் நிற்கும். பழம் மாதிரி ஒரு வாசனை வரும். அழுகின நாற்றம் வந்தால் வெல்லம் போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்த்து இன்னொரு வாரம் விடுங்கள். வடிகட்டின திரவத்தில் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, மாலையில், பதினைந்து நாளுக்கு ஒரு முறை இலையில் தெளிக்கலாம். வேருக்கு ஊற்ற 10 மில்லி. அளவு கூடினால் இலை கருகும், இதில் ஆசைப்படக் கூடாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கழிவு அதிகம் கிடைக்காது. நான் பங்குனியிலேயே இரண்டு டப்பா போட்டு வைத்துவிடுவேன், ஆடி விதைப்புக்குத் தயாராக இருக்கும்.

மீன் வாடை பிடிக்காத வீட்டில் பஞ்சகவ்யம் வைக்கலாம். பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி.

பூச்சி

காலையில் டீத்தம்ளரோடு தோட்டத்துக்குப் போங்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பூச்சி இதிலேயே போகும். கத்தரியின் நுனிக்குருத்து தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்தக் குருத்தை ஒரு விரல் கீழே கிள்ளி நசுக்கிவிடுங்கள், விட்டுவைத்தால் அது காய்க்குள் போகும். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை. வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது. பிடுங்கி அப்புறப்படுத்தி, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் மிச்ச ஈ ஒட்டிக்கொள்ளும். மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள், எறும்புதான் அதைக் காவல் காக்கும். தண்ணியை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

ஆனி, ஆடியில் தெருவெல்லாம் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும். பொறுக்கிக் கழுவி, நிழலில் காயவைத்து உடைத்துப் பருப்பை எடுத்து வையுங்கள். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் அதுவே மருந்து. சுரை, பூசணி இலையில் சாம்பல் பூசின மாதிரி நோய் படிந்தால் புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணியில் கலந்து இரண்டு மூன்று தடவை அடியுங்கள்.

புயல் வரும்போது

நம் ஊரில் தோட்டக் கணக்கில் இதையும் சேர்த்தாகணும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கரை கடந்தபோது என் முருங்கை, பந்தல், பாதி ஓடு எல்லாம் போயின. பண்ருட்டியில் அப்பாவின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அவர் அதற்குப் பிறகு தோப்புக்குப் போகவே பல மாதம் ஆனது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது காற்றைவிட மழைதான் அடித்தது. ஆனால் அந்தத் தடவை நான் தயாராக இருந்தேன்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினதாகச் செய்தி வந்ததுமே பறிக்கக் கூடிய காயைப் பறித்துவிடுங்கள். மாடிப் பைகளைக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நெருக்கி, சுற்றிக் கயிறு கட்டுங்கள். கொடியைப் பந்தலோடு காப்பாற்றப் பார்க்காதீர்கள். வலையை ஒரு பக்கம் அவிழ்த்துத் தரையில் படியவிட்டால் கொடி பிழைக்கும். முருங்கையைக் கார்த்திகைக்கு முன்னாலேயே ஆளுயரத்துக்கு வெட்டிவிடுங்கள், வெட்டினால் அதுவும் தழைக்கும். காற்று ஓய்ந்த மறுநாள் நல்ல தண்ணியால் இலையையெல்லாம் கழுவிவிடுங்கள், கடல் காற்று இலையில் உப்பைப் பூசியிருக்கும். மண் சேறாக இருக்கும்போது தோண்டவோ மிதிக்கவோ வேண்டாம். இரண்டு நாள் வடியட்டும்.

விதைக்கு ஒரு வார்த்தை. கொடியில் நடுவில் காய்த்த, நோயில்லாத இரண்டு மூன்று காயைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். காய்ந்ததும் உடைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலையோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பேரும் மாதமும் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு அவரை அப்பா கொடுத்த விதையிலிருந்து வந்தது. 'தானே' புயல் அன்றைக்கு அந்தப் பாட்டில் சமையலறைப் பரணில் இருந்ததால்தான் இன்றைக்கும் என்னிடம் அந்த அவரை இருக்கிறது. அதனால் விதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.